வாய் மடங்கும் உறை

ஸ்கூடாய்,
18 பிப்ரவரி 2024

அன்புத் தம்பி ஜீவனுக்கு,

அக்கா பிரேமலா எழுதுகிறேன். நானும் மகள் ரூபினியும் இங்கே சுகம். உன் இருமல் நின்றதா? சிறையில் கொடுக்கும் மருந்து கேட்கவில்லை என்றால் வாய் திறந்து சொல். நீ சொல்ல மாட்டாய், எனக்குத் தெரியும்.

ஒரு விஷயம். போன மாதக் கடைசியில் வேலையிடத்தில் என் துப்பாக்கி தானாக வெடித்துவிட்டது. காலை ஷிப்ட். செனாய் டிப்போவில் ஆயுத அறையிலிருந்து பிஸ்டலை வாங்கி, இடுப்பு உறையில் போட்டு, பித்தானை மாட்டிவிட்டுப் பணவண்டியில் ஏறினேன். இருக்கையில் உட்கார்ந்ததும் வெடித்தது. இரண்டு கையும் மடியில் இருந்தன. வண்டி ஓட்டும் ஜெயபாலன் அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். குண்டு கீழே போய்விட்டது. நீ பயப்படாதே.

ஆனால் கம்பெனி கடிதம் கொடுத்திருக்கிறது. என் கவனக்குறைவால், விசையில் விரல் வைத்ததால் வெடித்தது என்று நான் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் மன்னித்து, ஆபீஸில் ஓர் ஓரத்தில் வேலை தருவார்களாம். மேனேஜர் பேனாவைத் திறந்தே நீட்டினார். மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிசகு உறையில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நீ செனாயில் வேலை செய்த பட்டறையில் இருந்துதானே எங்கள் கம்பெனி உறை வாங்குகிறது? இங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று எனக்குச் சொன்னவனே நீதானே. அந்த உறையின் படம் ஒன்று வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கே தப்பு என்று பார்த்துச் சொல்.

இந்த மாதம் பார்க்க வர முடியாது. வேலை விஷயமாக அலைச்சல். தப்பாக நினைக்காதே.

உன் நலம் கேட்டுக் காத்திருக்கும்,
பிரேமலா அக்கா


10 மார்ச் 2024

அன்பு அக்காவுக்கு,

ஜீவன் வணக்கம். இருமல் பரவாயில்லை. ரூபினி புதுப் பள்ளியில் ஒட்டிக்கொண்டாளா? உன் கடிதம் தாமதமாகத்தான் கைக்கு வந்தது. இங்கே தமிழ் படிக்கத் தெரிந்த அதிகாரி ஒருவர்தான். வியாழக்கிழமை மட்டும் வருவார், சேர்ந்த கடிதங்களை மொத்தமாகப் படிப்பார்.

நீ வரைந்த படத்தை எடுத்துவிட்டார்கள். துப்பாக்கி சம்பந்தமான படம் உள்ளே வரக்கூடாதாம். அந்தப் பக்கம் இல்லாமல்தான் மீதி வந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதே பெரிய நிம்மதி. அந்தப் பட்டறையில் பை, வார், உறை என்று எத்தனையோ தைத்தோம் அக்கா. ஐந்து வருஷத்துக்கு முந்தியது, எனக்கு நினைவில்லை. அவர்கள் பெரிய ஆட்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு வேலை பார். ரூபினி இருக்கிறாள். வம்பு வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி,
ஜீவன்


ஸ்கூடாய்,
24 மார்ச் 2024

ஜீவனுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்றே நினைக்கிறேன்.

முதலில் இதைப் படிக்கும் அதிகாரிக்கு: ஐயா, வணக்கம். நான் துப்பாக்கியைப் பற்றி எழுதவில்லை. அதை மூடும் பையைப் பற்றி எழுதுகிறேன். பையைப் பற்றி எழுதத் தடை இருந்தால் எந்தச் சட்டம் என்று எனக்குப் பதில் போடுங்கள். இல்லாவிட்டால் தயவுசெய்து என் பக்கங்களை முழுசாகக் கொடுங்கள்.

ஜீவா, நீயா கையெழுத்துப் போடச் சொல்கிறாய்? பத்து வருஷம் காவல் வேலை பார்த்தவள் நான். அதில் நாலு வருஷம் இடுப்பில் ஆயுதம். ஒருநாள்கூட விரலைத் தேவையில்லாமல் உள்ளே விட்டதில்லை. செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு இன்னொரு பிள்ளைக்கு இதே நடக்கும்போது என் காகிதத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

அந்த உறை என்னிடம்தான் இருக்கிறது. கம்பெனி கேட்டது. காணவில்லை என்றேன். அவர்களும் பல விஷயங்களைக் காணவில்லை என்கிறார்கள்.

படம் வேண்டாம், சொல்லாலேயே சொல்கிறேன். வெளியே பார்க்கத் தோல் மாதிரி பளபளப்பு. உள்ளே ஒரே அடுக்கு, நடுவில் பஞ்சு. ஆயுதத்தை எடுத்ததும் உறையின் வாய் தொங்கி மூடிக்கொள்கிறது. திரும்பப் போட, இடது கையால் வாயை விரிக்க வேண்டும். அப்போது குழல் என் கைக்கு நேராக நிற்கும். விசை இருக்கும் வளையம் பாதிதான் மூடுகிறது. மீதி வெளியே தெரிகிறது. இடுப்புவார் நுழையும் பட்டை அகலம், அதனால் உறை முன்னும் பின்னும் ஆடுகிறது. உட்கார்ந்தால் இருக்கை அதை மேலே தள்ளுகிறது.

கடையில் ஒரு பொம்மைத் துப்பாக்கி வாங்கி, வீட்டில் போட்டுப் போட்டுப் பார்த்தேன். பதினாறாவது தடவை வாயின் ஓரம் உள்ளே மடங்கி விசை வளையத்துக்குள் போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலத்தான் தெரியும். பித்தானும் மாட்டுகிறது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். மடிப்பு விசையை இழுத்தது.

இதைத் தைத்தவனுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? பட்டறையில் யார் மாதிரி வெட்டினார்கள், யார் சோதித்தார்கள், பெயர் மட்டும் சொல். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா


ஸ்கூடாய்,
19 மே 2024

ஜீவனுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. உடம்பு சரியில்லையா என்று சிறைக்குப் போன் செய்தேன். நன்றாக இருக்கிறாய் என்றார்கள். அப்படியானால் எழுத மனமில்லை. சரி.

உள்விசாரணை ஜூலைக் கடைசியில். தொழிற்சங்கத்திலிருந்து ஷாந்தினி என்று ஒரு பெண் எனக்காகப் பேச வருகிறார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ரயில்வேயில் இருந்தவராம். மெதுவாகத்தான் பேசுவார், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வாங்காமல் விடமாட்டார். "பொம்மையை வச்சு நீங்க காட்டுறது மட்டும் போதாது அக்கா. பட்டறையிலிருந்து ஒருத்தர் சொல்லணும்" என்றார். பட்டறை வாசலில் போய் நின்றேன். யாரும் பேசவில்லை.

உனக்கு யாரையாவது நினைவு வந்தால் எழுது.

பிரேமலா


மாசாய்,
2 ஜூன் 2024

தம்பி ஜீவனுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். என் பெயர் ஜெயபாலன். உங்கள் அக்காவோடு பணவண்டி ஓட்டுகிறவன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் மன்னிக்கவும்.

உங்கள் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். "உள்ள இருக்கிறவன் ராத்திரி பகல்னு அதையே நெனச்சிக்கிட்டு இருப்பான், சொல்லாதீங்க அண்ணே" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். சத்தியத்தை மீறுகிறேன்.

குண்டு கீழே போனது என்று எழுதியிருப்பார். கீழேதான் போனது, அவர் கால் வழியாக. வலது கெண்டைச் சதையில் நுழைந்து கணுக்காலுக்கு மேலே எலும்பை உடைத்துவிட்டது. நான்தான் என் சட்டையைக் கழற்றிக் கட்டி, அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். மூன்று வாரம் படுக்கை. எலும்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு எழுதிய முதல் கடிதத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துதான் எழுதினார். தபாலில் போட்டது நான். இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். அதனால்தான் உங்களைப் பார்க்க வருவதில்லை.

வழியில் அவர் அழவில்லை தம்பி. "அண்ணே, என் கை ரெண்டும் மடியில இருந்துச்சு. பாத்தீங்கல்ல? மறந்துடாதீங்க" என்று அதை மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார். நான் மறக்கவில்லை. கம்பெனி என்னைக் கூப்பிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லச் சொன்னது. வண்டி நின்றுகொண்டிருந்தது சார், ரோட்டை ஏன் பார்க்கணும் என்றேன்.

உங்களுக்கு அந்தப் பட்டறை ஆட்களைத் தெரியும் என்றார். உதவி செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஜெயபாலன்


13 ஜூன் 2024

அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஜெயபாலன் அண்ணனைத் திட்டாதே.

உறையின் வாய் மடங்கும் என்று எனக்குத் தெரியும். உன் முதல் கடிதம் வந்த அன்றே தெரியும். அந்த மாதிரியை வெட்டியவன் நான்.

முதலில் நான் வெட்டியது வேறு. இரண்டு அடுக்குத் தோல், நடுவில் கெட்டியான பிளாஸ்டிக் தகடு. வாய் எப்போதும் திறந்து நிற்கும், வளையம் முழுசும் மூடும். பட்டறை முதலாளி தௌக்கே அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தகட்டை எடு என்றார். தோலை எடு, செயற்கைத் தோல் போடு என்றார். அவர் சொன்ன மாதிரி ஒன்று தைத்து, மரத்தில் செய்த துப்பாக்கியைப் போட்டுப் பார்த்தேன். ஒன்பதாவது தடவை மடங்கியது. கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஜீவன், செக்யூரிட்டிகாரன் எவன் சுடப் போறான்? இடுப்புல தொங்கணும், அவ்வளவுதான் லா. பாக்க நல்லா இருக்கா? அது போதும்" என்றார்.

ஐந்நூறு தடவை போட்டு எடுத்துச் சோதித்ததாக ஒரு தாள் அடித்து வைத்திருந்தார். அதில் சோதித்தவர் என்ற இடத்தில் என் பெயர். நான் கையெழுத்துப் போட்டேன் அக்கா. அடுத்த மாதம் என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார். உன்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேனே, அது அதற்காகத்தான்.

அந்தக் கம்பெனியில் ஆள் எடுப்பதை உனக்குச் சொன்னபோது, பெண்ணுக்கு ஆயுதம் தரமாட்டார்கள், வாசலில் நிற்க வைப்பார்கள் என்று நினைத்தேன். அப்புறம் நீ பயிற்சி முடித்து, இடுப்பில் உறையோடு வந்து வாசலில் நின்றாய். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

பெர்மாஸ் ஜெயாவில் குடித்துவிட்டு ஒருவன் மண்டையை உடைத்ததற்காக மூன்று வருஷம் கொடுத்தார்கள். இதற்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஜீவன்


ஸ்கூடாய்,
23 ஜூன் 2024

ஜீவன்,

கடிதம் கிடைத்தது. மூன்று நாள் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. ரூபினி பயந்துபோய் ஜெயபாலன் அண்ணனுக்குப் போன் செய்துவிட்டாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. கால் வலிக்கும்போதெல்லாம் நீ வாங்கிக் கொடுத்த அந்தச் சாப்பாடு நினைவுக்கு வருகிறது.

ஒன்றுதான் கேட்கிறேன். எனக்கு எழுதியதை ஷாந்தினி முன்னால் சத்தியம் செய்து சொல்வாயா? சொன்னால் உனக்குப் புதுக் கேஸ் வரலாம் என்று அவர் சொல்கிறார். டிசம்பரில் நீ வெளியே வருவது தள்ளிப் போகலாம். தெரிந்துகொண்டு பதில் போடு. மாட்டேன் என்றாலும் பதில் போடு. சும்மா இருக்காதே. நீ சும்மா இருந்தது போதும்.

பிரேமலா


7 ஜூலை 2024

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி எப்படி ஏறுகிறாய்? நம் வீடு நாலாவது மாடி என்பதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

புதன்கிழமை ஷாந்தினி வந்தார். எல்லாம் சொன்னேன். பதினோரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைத்தேன். வெட்டிய மாதிரியின் அளவு, தையல் இடைவெளி, எந்தத் தேதியில் தகட்டை எடுக்கச் சொன்னார், யார் பக்கத்தில் இருந்தார், எல்லாம். நினைவில்லை என்று உனக்கு எழுதினேனே, தையல் எண்ணிக்கைகூட நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை பட்டறையிலிருந்து ஓர் ஆள் வந்தான், பழைய நண்பன் என்று எழுதிக் கொடுத்து. "டிசம்பர்ல வெளிய வந்ததும் உன் நாற்காலி காலியாத்தான் இருக்கும்னு தௌக்கே சொல்லச் சொன்னாரு. நீ எழுதிக் கொடுத்த வாக்குமூலத்த மட்டும் திருப்பி வாங்கிடு" என்றான்.

"அந்த நாற்காலியில ஒரு தடவ உக்காந்துட்டேன். போதும்" என்றேன்.

அவன் எழுந்து போய்விட்டான். சொன்னது சொன்னதுதான். கேஸ் போடுவதானால் போடட்டும்.

இன்னொன்று. தமிழ் படிக்கும் அதிகாரி இந்த வாரம் என்னைக் கூப்பிட்டார். நம் கடிதங்களின் நகல்கள் எல்லாம் அவர் கையில் இருந்தன. கண்டிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "இங்க காவல் போஸ்ட்ல நிக்கிறவங்க இடுப்புல இருக்கிறது என்ன உறைன்னு போய்ப் பாத்தேன். கெட்டியாத்தான் இருக்கு. உங்க அக்காகிட்ட சொல்லிடு, அவங்க கேட்ட சட்டம் ஒண்ணும் இல்ல" என்றார்.

தைரியமாகப் போய் வா.

ஜீவன்


ஸ்கூடாய்,
4 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பி ஜீவனுக்கு,

நலம். உன் நலம் எழுது. மாடிப்படி உட்கார்ந்தபடியே ஏறுகிறேன், பின்பக்கமாக. கீழ்வீட்டுக்காரர்களுக்குப் பழகிவிட்டது.

விசாரணை முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

தலைமை அலுவலகத்தில் நீளமான அறை. கம்பெனி ஆட்கள் மூன்று பேர், மேனேஜர், பட்டறையின் வக்கீல். ஆயுத உரிமம் பார்க்கும் போலீஸ் அதிகாரி ஒருவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மலாய்க்காரர், ஓய்வு பெறும் வயது. ஷாந்தினிதான் அவரைக் கூப்பிட்டிருந்தார்.

மேனேஜர் ஐந்நூறு தடவை சோதித்த தாளைக் காட்டினார். ஷாந்தினி உன் பதினோரு பக்கத்தைப் படித்தார். வக்கீல் எழுந்து, "ஜெயில்ல இருக்கிற ஒரு குற்றவாளி, இந்த அம்மாவோட சொந்தத் தம்பி. இவன் பேச்ச நம்பலாமா?" என்றார்.

நான் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தேன். ஷாந்தினி கையைப் பிடித்தார். விடுவித்துக்கொண்டேன்.

"சார், அவன் குற்றவாளிதான். இந்தக் காலுக்கும் அவன்தான் பொறுப்பு. அவனே எழுதியிருக்கான். உங்க கையில இருக்கிற தாள்ல இருக்கிறதும் அதே குற்றவாளி கையெழுத்துதான். அத மட்டும் எப்படி நம்புறீங்க?"

வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

நான் உறையை எடுத்து மேசையில் வைத்தேன். காணாமல் போன உறைதான். ரத்தக் கறை அப்படியே இருந்தது. மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பயிற்சிக்கு வைத்திருக்கும் துப்பாக்கியைக் கேட்டேன். குண்டு போகாது, ஆனால் விசை இழுபட்டால் டக் என்று சத்தம் வரும். கொடுக்க யோசித்தார்கள். ஓரத்தில் இருந்த அதிகாரி, "பகி சஹாஜா", அதாவது கொடுத்துவிடுங்கள் என்று மலாயில் சொன்ன பிறகு கொண்டுவந்தார்கள்.

என் பழைய உறை கிழிந்தது என்று யாரும் சொல்லக்கூடாது என்று, அவர்கள் ஸ்டோரிலிருந்தே புதிசாக ஒன்று எடுத்து வரச் சொன்னேன். பிளாஸ்டிக் கூடப் பிரிக்காதது. இடுப்பில் கட்டினேன். போட்டேன், எடுத்தேன். போட்டேன், எடுத்தேன். பத்து, இருபது. ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு வியர்த்தது. எடையை இடது காலுக்கு மாற்றினேன். சாட்சி சொல்ல வந்திருந்த ஜெயபாலன் அண்ணன் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். "இன்னும் எத்தன தடவ மா?" என்று கேட்டார் விசாரணைத் தலைவர்.

"ஐந்நூறுன்னு எழுதியிருக்கு சார். நான் ஐந்நூறும் போடுறேன். நேரம் இருக்குல்ல?"

முப்பத்து நாலாவது தடவை போடும்போது ஏதோ தடுத்தது போல விரலில் பட்டது. பித்தானை மாட்டினேன். இரண்டு கையையும் தூக்கி எல்லோருக்கும் காட்டினேன். கை வைத்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தேன்.

டக்.

காலைக் குனிந்து பார்த்தேன்.

அதிகாரி எழுந்து வந்தார். என்னிடமிருந்து உறையை வாங்கித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். போட்டு, உட்கார்ந்து, எழுந்து, எடுத்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பத்தொன்பதாவதில் அந்த டக் கேட்டது. மேனேஜரைப் பார்த்து, "இந்த மாதிரி எத்தனை இருக்கு?" என்றார். "நூற்று அறுபது" என்றார் மேனேஜர். "இன்னைக்கு ஷிப்ட்ல இருக்கிறவங்களையும் கூப்பிடுங்க. இப்பவே கழட்டணும்."

பிற்பகலில் பணவண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஆட்கள் உறையைக் கழற்றி ஒரு பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். சிலர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் அந்தப் பெட்டி நிறையும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

என் பெயரில் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நடந்ததை வெளியே பேசமாட்டேன் என்று இன்னொரு தாள் நீட்டினார்கள். அதை ஷாந்தினி வாங்கி, நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "இது எங்ககிட்ட இருக்கட்டும், இப்படிக் கேட்டீங்கன்னு காட்டுறதுக்கு" என்றார்.

உன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அந்த அறையில் உன் பதினோரு பக்கம் இல்லாமல் இருந்தால் என்னைக் கடிகாரம் பார்த்தே அனுப்பியிருப்பார்கள். அதுவும் உண்மை. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா


8 செப்டம்பர் 2024

அன்பு அக்காவுக்கு,

நலம். இருமல் போய்விட்டது, உண்மையாகவே.

போலீஸ் வந்து வாக்குமூலம் எடுத்தார்கள். தௌக்கேயையும் விசாரிக்கிறார்களாம். சோதனைத் தாளில் இருக்கும் கையெழுத்து என்னுடையதுதானா என்று கேட்டார்கள். என்னுடையது என்றேன். அதனால் டிசம்பர் நிச்சயமில்லை. மார்ச் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். எனக்காக யாரிடமும் போய் நிற்காதே. இதை நான் நின்றே வாங்கிக்கொள்கிறேன்.

கோபம் இருக்கட்டும். கோபத்தோடேயே கடிதம் போடு.

ஜீவன்


ஸ்கூடாய்,
6 அக்டோபர் 2024

அன்புத் தம்பி ஜீவனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ரூபினி கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இந்தக் காலோடு இனி ஆயுதம் தரமாட்டார்கள். உரிமத்துக்கு ஓடிக் காட்ட வேண்டும். ஆபீஸ் ஓரத்து நாற்காலியை மறுபடியும் காட்டினார்கள். எனக்கு ஸ்டோர் வேண்டும் என்றேன். யார் இடுப்பில் எந்த உறை ஏறினாலும் முதலில் என் கையைத் தாண்ட வேண்டும் என்றேன். அந்தப் போலீஸ் அதிகாரியும் சிபாரிசு எழுதினார். கொடுத்துவிட்டார்கள்.

போன வாரம் புதுப் பட்டறையிலிருந்து நாற்பது உறை வந்தது. ஒவ்வொன்றையும் கட்டி, போட்டு எடுத்து, உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். பதினொன்று தேறவில்லை. வாய் கெட்டிதான், ஆனால் பித்தான் பட்டை நீளம், உள்ளே விழுகிறது. தனியாக எடுத்து வைத்தேன்.

மேனேஜர் கீழே வந்தார். "பிரேமலா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க லா. நாளைக்கு ஆள் இருக்கு, உறை இல்ல."

"உறை இல்லன்னா பிஸ்டலும் இல்ல சார். அலமாரியில பூட்டி வைங்க."

"பட்டைதானே, வெட்டிவிட்டா போச்சு."

பயிற்சித் துப்பாக்கியை அவரிடம் நீட்டினேன். "நீங்களே கட்டிப் பாருங்க. நான் எண்ணுறேன்."

கட்டினார். கோட்டைக் கழற்றிவிட்டு, போட்டு எடுத்தார். நான் சத்தமாக எண்ணினேன். ஸ்டோரில் இருந்த பிள்ளைகள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு என்று சொல்லும்போது அவர் கை நின்றது. பட்டை உள்ளே விழுந்திருந்தது. அவரே பார்த்தார். மெதுவாக வெளியே எடுத்தார், உறையைக் கழற்றினார், மேசையில் வைத்தார். மேலே போய்விட்டார்.

சாயங்காலம் லோரி வந்து பதினொன்றையும் திருப்பி எடுத்துக்கொண்டு போனது. தேறிய இருபத்தொன்பதில் என் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வரும் சனிக்கிழமை ஜெயபாலன் அண்ணன் காரில் கூட்டி வருகிறார். உன்னிடம் பேச எனக்கு நிறைய இருக்கிறது, எல்லாம் நல்ல வார்த்தையாக இருக்காது. கேட்டுக்கொள்.

உன் அக்கா,
பிரேமலா